கவரைப் பிரிக்காதவர்

அவருடைய மூக்குக்கண்ணாடியின் ஓரத்தில், கடைக்காரன் ஒட்டிக் கொடுத்த ஸ்டிக்கர் அப்படியே இருக்கும். கண்ணாடி வாங்கி ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஸ்டிக்கர் கண்ணை மறைக்கிறதால், பேசுகிற ஆளைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துத்தான் பார்ப்பார். புதுசாய் வருகிறவர்கள், மனுஷன் எவ்வளவு அக்கறையாய்க் கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அக்கறையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதை நகத்தால் சுரண்டி எடுக்க அவருக்கு மனசு வராது, அவ்வளவுதான்.

சங்கரன்கோவிலில் அவர் வைத்திருந்த போட்டோ ஸ்டுடியோவில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். முன்பக்கம் அவருடைய மேஜை. நடுவில் ஒரு பலகை மறைப்பு. அதற்குப் பின்னால் நானும் கம்ப்யூட்டரும். கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்ப்பதும் ஆல்பம் டிசைன் பண்ணுவதும் என் வேலை. அக்கம்பக்கம் எல்லாம் விசைத்தறி. காலையில் கதவைத் திறந்ததில் இருந்து சாத்துகிற வரைக்கும் தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. அவருடைய சத்தம்தான் நாலு வருஷமும் பழகவில்லை.

அவருடைய சத்தம் என்றால் பேச்சு இல்லை. பாலித்தீன் சத்தம். அவர் உட்காருகிற நாற்காலிக்கு கம்பெனிக்காரன் போட்டு அனுப்பின பாலித்தீன் உறை அப்படியே கிடக்கும். அசைந்தால் சரசர. எழுந்தால் சரசர. சித்திரை வெயிலில் எழுந்து நின்றார் என்றால் வேட்டி முழுக்க வேர்வையில் ஒட்டிக்கொண்டு, உறையும் கூடவே பாதி தூரம் வரும். ஸ்கூட்டர் சீட்டுக்கும் அதே கதி. டிவி ரிமோட், கால்குலேட்டர், போன், எல்லாம் உறைக்குள்ளே. கைக்கடிகாரத்தின் கண்ணாடி மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் மஞ்சள் பாரித்துப்போய், முள் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. மணி என்ன அண்ணாச்சி என்று கேட்டால், வாசலுக்குப் போய் எதிர்க்கடைச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்.

"புதுசு புதுசாவே இருக்கணும்ட்டி" என்பார். நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுவார். வாழ்க்கையில் அவருக்குத் தெரிந்த ஒரே தத்துவம் அதுதான்.

ஒருநாள் ஸ்டுடியோவுக்குள் தீப்பிடித்துக்கொண்டது. பெரிய தீ ஒன்றும் இல்லை. லைட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற பிளக்கு புகைந்து, பக்கத்தில் தொங்கின நீலத் திரையில் பற்றிவிட்டது. குடும்பப் போட்டோ எடுக்க வந்திருந்த ஒரு தம்பதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். சுவரில் சிவப்பாய் ஒரு தீயணைப்பு சிலிண்டர் மாட்டி வைத்திருந்தார். நான் பாய்ந்துபோய் எடுத்தால், தலைமுதல் கால்வரை கெட்டிப் பிளாஸ்டிக் சுற்றியிருக்கிறது! பல்லால் கடித்துக் கிழிக்கப் போனேன். மனுஷன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, கிழிச்சுராத, கிழிச்சுராத. கத்திரிக்கோல் எங்கன வச்சேன்? ஓரமா வெட்டினா திரும்ப ஒட்டிக்கிடலாம்" என்று மேஜை இழுப்பறையைக் குடைகிறார். திரை எரிகிறது. நான் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வாசலில் கிடந்த சாக்கைத் தண்ணீரில் முக்கி அடித்து அணைத்தேன். எல்லாம் முடிந்தபிறகு அவர் கத்திரிக்கோலோடு வந்து நின்று, "நல்லவேளை, சிலிண்டருக்கு வேல இல்லாமப் போச்சு" என்றாரே பார்க்கலாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சாக்காலேயே ரெண்டு சாத்து சாத்தியிருக்கணும்.

அவர் சம்சாரம், அந்த அக்கா, ஒரு தடவை என்னிடம் சொன்னாள். சின்ன வயசில் அண்ணன் போட்டுக் கழித்த சட்டையும் பெரியப்பா மகன் படித்துக் கிழித்த புத்தகமுமாய் வளர்ந்தவராம். பதினெட்டு வயசுவரைக்கும் தனக்கென்று ஒரு புதுச்சாமான் கிடையாதாம். இருக்கட்டுமே. அப்படி வளர்ந்தவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களெல்லாம் மூக்குக்கண்ணாடியில் ஸ்டிக்கரோடா திரிகிறார்கள்?

நான் சேர்ந்த நாலாம் வருஷம், பழைய கம்ப்யூட்டர் இழுவையாய் இழுக்கிறது என்று அதை விற்றுவிட்டுப் புதுசு வாங்கினார். சாமானெல்லாம் தனித்தனியாய் மதுரையில் இருந்து வந்தது. மாட்டுகிறதற்கு ஆளைக் கூப்பிடவில்லை. யாராவது மாட்டினால் உறையை எல்லாம் உரித்துப் போட்டுவிடுவான் என்று பயம். ஒரு வெள்ளிக்கிழமை நல்லநேரம் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு, போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே மாட்டினார். "யாரும் பக்கத்துல வரப்படாது, கைரேகை விழுந்துரும்" என்று என்னையும் வெளியே நிறுத்திவிட்டார். மாட்டி முடித்து, பெட்டியின் பக்கக் கதவு திறக்கிற இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். நகத்தளவு ஸ்டிக்கர். இதற்கென்றே அச்சடித்து வாங்கினது. 'கிழிந்தால் வாரண்டி கிடையாது' என்று போட்டிருந்தது.

அவரே வாங்கி, அவரே மாட்டி, அவரே ஒட்டின ஸ்டிக்கர். யார் யாருக்கு வாரண்டி கொடுக்கிறார்கள்? இதை நான் கேட்கத்தான் செய்தேன்.

"அது ஒரு மரியாதைக்குட்டி" என்றார்.

சின்னச் சின்ன வேலையெல்லாம் புது மெஷினில் நன்றாய்த்தான் ஓடியது. வைகாசியில் சிவகிரிக் கல்யாணம் ஒன்று வந்தது. அதில்தான் சனியன் பிடித்தது.

கல்யாணப் பெண்ணின் பெயர் செல்வி. சிவகிரிக்குப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கிற குடும்பம். அவளுடைய அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது முடியாமல் போய் மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். முகூர்த்தத்தைத் தள்ளிவைக்கலாம் என்றதற்கு அந்த மனுஷன் சம்மதிக்கவே இல்லையாம். பிள்ளை கழுத்தில் தாலி ஏறினால் போதும், நான் வந்து படத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். தாலி கட்டுகிற நேரத்தில் யாரோ போனில் வீடியோ கால் போட்டிருக்கிறார்கள். மண்டபத்தில் சிக்னல் இல்லை. அவருக்குத் தெரிந்தது, அசையாமல் நின்றுபோன மகளின் பாதி முகம். ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் பண்ணுவதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பினபிறகு, அவர் கேட்ட ஒரே சாமான் அந்த வீடியோதான்.

நான் இருந்த வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு அதை முதலில் எடுத்தேன். ஒரு வாரத்தில் வெட்டி, ஒட்டி, நாதஸ்வரத்தைச் சரிபண்ணி, எல்லாம் முடித்தாயிற்று. கடைசியாய் அத்தனையையும் கம்ப்யூட்டர் ஒரே படமாய்ச் சேர்த்துத் தரவேண்டும். அதற்கு ரெண்டர் என்று பேர். மெஷினுக்கு உள்ளதிலேயே பாரமான வேலை அதுதான். மூணு மணி நேரப் படம். ரெண்டர் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் திரை கருப்பு. மெஷின் தானாகவே அணைந்து கிடக்கிறது. தொட்டால் சூடு.

மறுபடியும் போட்டேன். இருபது நிமிஷம் ஓடி அணைந்தது. திரும்பவும் போட்டேன். பதினெட்டு நிமிஷம். சூட்டைக் காட்டுகிற சாஃப்ட்வேர் ஒன்றை ஏற்றிப் பார்த்தேன். ரெண்டர் தொடங்கின ரெண்டாம் நிமிஷமே தொண்ணூற்றெட்டு டிகிரிக்குப் போய் நிற்கிறது. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"நூறு வரைக்கும் தாங்கும்ட்டி" என்றார்.

"தாங்குனா எதுக்கு அண்ணாச்சி அணையுது?"

"வெயில். வேற என்ன?"

வெயில் என்று முடிவு கட்டியாயிற்று. டேபிள் ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்து மெஷினுக்கு நேராய் வைத்தார். ஃபேன் இறக்கையில் பாலித்தீன் சுற்றியிருந்ததை நான் சொல்லித்தான் கழற்றினார், அதுவும் அரைமனசாய். அணைந்தது. தறிப் பஞ்சு போய் அடைத்திருக்கும் என்று வெளிவலையைக் கழற்றித் துடைத்தேன். கொஞ்சம் பஞ்சு இருந்தது. அணைந்தது. மெஷினை ஜன்னல் பக்கம் மாற்றினோம். யூபிஎஸ்ஸை மாற்றினோம். அதெல்லாம் அணைகிறதை ஒரு நிமிஷம் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான். ஒருநாள் கோயிலில் இருந்து பிரசாதப் புற்றுமண் வாங்கிவந்து மெஷின் தலையில் வைத்தார். அதுவும் பொட்டலமாய். அந்தப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்கவில்லை.

ரெண்டு கடை தள்ளிக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஒருத்தரை நானே போய்க் கூட்டிவந்தேன். அவர் மெஷினைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, ஸ்குரூடிரைவரை எடுத்தார்.

"வே, ஸ்டிக்கர் இருக்குல்லா?" என்று இவர் தடுத்தார்.

"திறந்து பாத்தாத்தானே வே தெரியும்?"

"திறக்காமப் பாரும்."

"திறக்காமப் பாக்க நான் என்ன குறி சொல்லுதவனா?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். போகும்போது என்னைப் பார்த்து, நீ எப்படிம்மா இங்கே காலம் தள்ளுகிறாய் என்கிற மாதிரி ஒரு பார்வை.

செல்வி ஒருநாள் விட்டு ஒருநாள் போன் பண்ணுவாள். ஒரு தடவையாவது சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாய் இருந்திருக்கும். "ஒண்ணும் அவசரம் இல்லக்கா. அப்பா கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான்" என்பாள். ஒருநாள் அவள் போனை வாங்கி அவள் அப்பாவே பேசினார். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது.

"ஏம்மா, எம் பிள்ள கல்யாணப் படம் ரெடியாயிட்டா?"

"ரெண்டு நாள்ல தந்துருதோம் ஐயா."

"டிவியில பெருசாப் பாத்தாத்தான் எனக்கு முகம் தெரியும். போன்ல ஒண்ணும் பிடிபடல. ரெண்டு நாள்தானே? அதுவரைக்கும் தாங்குவேன்."

போனை வைத்துவிட்டு நேரே அண்ணாச்சியிடம் போனேன். "அண்ணாச்சி, பத்துப் பத்து நிமிஷமா ரெண்டர் போட்டா அணையாம ஓடுது. தாலி கட்டுத துண்ட மட்டும் எடுத்துக் குடுத்துருவோம். இல்லையா, வெட்டாத படத்தையே பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துருவோம். அந்த மனுசன் பாக்கட்டும். மிச்சத்தப் பிறகு குடுப்போம்."

அவர் முகம் அஷ்டகோணலாய்ப் போனது. "அரைகுறையாவா? நம்ம ஸ்டுடியோ பேரு என்னத்துக்கு ஆகும்? குடுத்தா முழுசா, பெட்டியில வச்சு, கவர் போட்டுத்தான் குடுக்கணும்."

"சாகக் கெடக்குதாரு அண்ணாச்சி."

"ஆடிக் காத்து வரட்டும்ட்டி. மெஷின் குளுந்துரும். தன்னால ஓடும்."

சரி என்றுவிட்டேன். இதை எழுதும்போதுகூட என் கை கூசுகிறது. அவரைக் கோட்டி, மூதி என்று ஆயிரம் வையலாம். வைதுகொண்டேதான் இருக்கிறேன். ஆனால் படம் இருந்தது என் மேஜையில். பென்டிரைவ் இருந்தது என் பையில். சிவகிரிக்கு மணிக்கொரு பஸ் இருந்தது. ஒரு பத்து நிமிஷத் துண்டை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, வேலையை விட்டு நிறுத்தினால் நிறுத்திக்கொள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரெண்டு நாள், ரெண்டு நாள் என்று அந்தப் பிள்ளையிடம் வைகாசி போய் ஆனி போய் ஆடிவரைக்கும் சொன்னவள் நான்தான்.

ஆடிக் காற்று வந்தது. தெருவில் மணலை வாரி முகத்தில் அடித்தது. கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கூடின கூட்டம் கலைந்தது. மெஷின் மட்டும் இருபதாம் நிமிஷம் டொப்பென்று படுத்துக்கொண்டே இருந்தது. தபசு முடிந்த நாலாம் நாள் காலையில் செல்வி போன் பண்ணினாள். பழக்கத்தில் நான், "ரெண்டு நாள்..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"இல்லக்கா. அப்பா விடியக்காலம் போயிட்டாங்க. அலைய வேண்டாம், மெதுவாக் குடுங்க" என்றாள்.

அண்ணாச்சி அப்போது கடைக்கு வந்திருக்கவில்லை. நான் நேரே மெஷின் பக்கம் போனேன். அந்த ஸ்டிக்கரைக் கிழித்தேன். ஒரு இழுப்பு. ஒரு வினாடிகூட ஆகவில்லை. இந்த ஒரு வினாடிக்கு எனக்கு ரெண்டு மாசம் ஆகியிருக்கிறது.

பெட்டிக் கதவைத் திறந்தேன். உள்ளே பார்க்க எல்லாம் சுத்தமாய்ப் பளபளவென்று இருந்தது. இதில் என்ன கோளாறு இருக்க முடியும் என்றுதான் முதலில் தோன்றியது. மெஷினின் மூளை மாதிரி ஒரு சில்லு இருக்கும். சூடெல்லாம் அதில் இருந்துதான் கிளம்பும். அதன் தலையில் ஒரு உலோகக் கட்டியும் ஃபேனும் உட்கார்ந்திருக்கும். சில்லின் சூட்டை அந்தக் கட்டி உறிஞ்சி எடுக்கும், ஃபேன் வெளியே தள்ளும். அதற்காகச் சில்லும் கட்டியும் ஒட்டினாற்போல இருக்கவேண்டும், நடுவில் கொஞ்சம் பசை தடவவேண்டும். நாலு ஸ்குரூவையும் கழற்றி அந்தக் கட்டியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தேன்.

அடியில் பிளாஸ்டிக் தாள். கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பின தாள். மாட்டுவதற்கு முன் உரித்துவிடவும் என்று அதிலேயே இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. உரிக்காமல் அப்படியே மாட்டியிருக்கிறார். சூட்டில் அது பொரிந்து, சுருங்கி, நடுவில் பழுப்பேறிக் கிடந்தது. பசை டியூப்பைத் தேடினேன். அந்த உலோகக் கட்டி வந்த அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாய் இருந்தது, மூடி திறக்காமல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. பக்கத்துத் தறிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தாளை உரித்தேன். அடியைத் துடைத்து, பயறளவு பசை வைத்து, கட்டியை மாட்டி, ரெண்டர் போட்டேன். அறுபத்திரண்டு டிகிரி. அதற்கு மேல் ஏறவே இல்லை. மூணு மணி நேரப் படத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, அந்த நாசமாய்ப்போன மெஷின் சமர்த்தாய் உட்கார்ந்திருந்தது.

அவர் வந்ததும் அந்தத் தாளை மேஜையில், அவர் மூக்குக்குக் கீழே போட்டேன். "இதுதான் அண்ணாச்சி வெயிலு. இதுதான் ஆடிக் காத்து. செல்வியோட அப்பா காலையில செத்துப்போயிட்டாரு" என்றேன். என் வாழ்க்கையில் அவரிடம் அப்படிப் பேசினது அதுதான் முதல் தடவை.

தாளைக் கையில் எடுத்தார். தலையைச் சாய்த்து முன்னும் பின்னும் பார்த்தார். "அடப் பாவமே" என்றார். செத்தவருக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். "அடியில கீறல் ஒண்ணும் விழலயேட்டி?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, அந்தப் பொரிந்துபோன தாளை உள்ளங்கையால் நீவி, ரெண்டாய் மடித்து, இழுப்பறையில் மற்ற உறைகளோடு சேர்த்து வைத்தார்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து ஒரு மத்தியானம் செல்வி வந்தாள். மெலிந்திருந்தாள். கையில் ஒரு மஞ்சப்பை. அவர் நாற்காலி சரசரக்க எழுந்து, அலமாரியில் இருந்து பெட்டியை எடுத்து வந்தார். மேலே மணமக்கள் படம் போட்ட பெட்டி. உள்ளே வெல்வெட்டில் பென்டிரைவ். பெட்டியைச் சுற்றி ஒரு சுருக்கம் இல்லாமல் கண்ணாடித் தாள் உறை. முந்தின நாள் பூராவும் உட்கார்ந்து ஹேர் டிரையரால் சூடு காட்டித் தானே ஒட்டினது. ரெண்டு கையாலும் ஏந்தி நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, மேலே இருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் எழுந்து முன்னால் போனேன். மன்னிச்சுக்கோ என்று சொல்வதற்குத்தான் போனேன். அதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார்.

"கவரைப் பிரிக்காம அப்படியே பீரோவுல வச்சுக்கோம்மா. எத்தன வருசம் ஆனாலும் புதுசாவே இருக்கும்."

செல்வி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். கோபமாய்க்கூடப் பார்க்கவில்லை.

"பாக்க வேண்டியவரு பாக்காமலே போயிட்டாரு அண்ணாச்சி. புதுசாத்தான் இருக்கும்" என்றாள்.

பெட்டியை மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டு, என்னிடம் வாரேன்க்கா என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். அவள் தெருமுனை திரும்புகிறவரை அவர் வாசலில் நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சந்தோஷம்.

"நல்ல பிள்ளட்டி" என்றார். "சொன்ன உடனே புரிஞ்சுக்கிட்டா பாரு."